சிறுநீரகம் வேலை செய்வதைப் படம் பிடிப்பது: வயிற்று உறுப்புகளுக்கான நியூக்ளியர் ஸ்கேன்கள்

அல்ட்ராசவுண்ட் எடுத்தாயிற்று. இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்துவிட்டது. இனி மருத்துவருக்கு வேண்டிய விடைகள் இரண்டு. அந்தச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் தாராளமாக இறங்குகிறதா, அடைத்துக்கொண்டு நிற்கிறதா? இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து செய்யும் வேலையில் அதன் பங்கு எவ்வளவு? அறுவை சிகிச்சை செய்வதா, பொறுத்துப் பார்ப்பதா என்பது பெரும்பாலும் இந்த விடைகளை வைத்துத்தான் முடிவாகும். அல்ட்ராசவுண்ட் உருவத்தைக் காட்டும். உறுப்பின் வேலையை அளந்து எண்ணாகக் கொடுப்பது நியூக்ளியர் ஸ்கேன்.

வேலையை அளக்கிறது என்பதால் இந்த ஸ்கேனுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நோயாளி எவ்வளவு தண்ணீர் குடித்திருந்தார், எப்போது சாப்பிட்டார், சிறுநீர்ப்பை நிறைந்திருந்ததா, காலையில் என்ன மாத்திரை விழுங்கினார் என்பதெல்லாம் படத்தில் பதிந்துவிடும். எலும்பு முறிவு எக்ஸ்ரேக்கு இந்தக் கவலை இல்லை. இங்கே தவறாகப் போகும் முடிவுகளில் கணிசமானவை இயந்திரம் தொடங்குவதற்கு முன்பே தவறாகிவிட்டவை. அதனால் இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு சோதனையோடும் அதற்கான தயாரிப்பையும், அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

படம் எப்படி உருவாகிறது

எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து வந்து உடலை ஊடுருவிப் போகிறது. இங்கே கதிர் உடலுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்து நரம்பு வழியே செலுத்தப்படுகிறது. அந்த மருந்துக்கு இரண்டு பாகங்கள். ஒன்று, எந்த உறுப்புக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேதிப்பொருள். மற்றொன்று, அது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் கதிரியக்க அணு. அணு பெரும்பாலும் ஒன்றுதான்: டெக்னீசியம்-99எம். வேதிப்பொருளை மாற்றினால் அதே அணு சிறுநீரகத்துக்கும் போகும், கல்லீரலுக்கும் போகும்.

டெக்னீசியம்-99எம் இவ்வளவு பரவலாகப் பயன்படக் காரணம் அதன் இரண்டு எண்கள். அது வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். உடலைத் தாண்டி வெளியே வர இது போதும்; கேமராவுக்குள் கதிரைப் பிடிக்கும் படிகத்தில் நின்று பதிவாகவும் பொருத்தமான அளவு. அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது ஒரு நாள் கழித்துப் பார்த்தால், சிறுநீரில் எதுவுமே வெளியேறாவிட்டால்கூட, பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். இவ்வளவு சீக்கிரம் தேய்ந்துபோகும் பொருளை வாங்கி இருப்பு வைக்க முடியாது. அதனால் 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99 அடைத்த ஜெனரேட்டர் என்ற கலம் மருத்துவமனைக்கு வருகிறது. மாலிப்டினம் சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். உப்புநீரை அதன் வழியே இழுத்தால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வந்துவிடும்.

இந்தக் கதிர்களைப் பிடிப்பது காமா கேமரா. ஹால் ஆங்கர் 1950களில் கலிபோர்னியாவில் உருவாக்கிய வடிவமைப்புதான் இன்றும் அடிப்படை. கேமராவின் முகப்பில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஈயத் தகடு இருக்கிறது. நேராக வரும் கதிரை மட்டும் அது உள்ளே விடும். சாய்ந்து வருவதைத் தடுத்துவிடும். அப்படிச் செய்யாவிட்டால் எந்தக் கதிர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. புறப்பட்ட கதிர்களில் மிகச் சிறு பங்குதான் படிகத்தை எட்டுகிறது. அதனால் ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருக்கிறது, படமும் சி.டி. போலக் கூர்மையாக இருக்காது. கேமரா உடலிலிருந்து விலக விலக மங்கல் கூடும். கேமராவை உடம்பை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்துவது இதற்காகத்தான்.

சிறுநீரகம்: மூன்று மருந்துகள், மூன்று கேள்விகள்

டிடிபிஏ என்ற மருந்து சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வழியே மட்டும் வெளியேறுகிறது. எனவே வடிகட்டும் திறனை அளக்க ஏற்றது. ஒரு முறை ரத்தம் சிறுநீரகத்தைக் கடக்கும்போது அதிலிருந்து சுமார் 20 சதவீதம் பிரித்தெடுக்கப்படும். மேக்-3 என்பது நுண்குழாய்ச் சுவர் வழியே சுரந்து வெளியேறுகிறது. ஒவ்வொரு முறையும் 40 முதல் 50 சதவீதம் வரை பிரிந்துவிடும். பிறந்த குழந்தையிடமும், சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்துபோனவரிடமும் மேக்-3 தெளிவான படம் தருவதற்கு இதுவே காரணம். மூன்றாவதான டிஎம்எஸ்ஏ சிறுநீரில் வேகமாக வெளியேறாது. சிறுநீரகத்தின் வெளி அடுக்கான புறணித் திசுவிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

முதல் இரண்டும் ரெனோகிராம் என்ற ஓடும் படத்துக்கு. டிஎம்எஸ்ஏ நிலைப்படத்துக்கு.

ரெனோகிராம் நடக்கும் விதம் இது. சோதனைக்கு அரை மணி நேரம் முன்பு பெரியவர் 300 முதல் 500 மில்லி தண்ணீர் குடிக்க வேண்டும். வேறு பல ஸ்கேன்களுக்கு வேண்டியிருப்பது போல இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. பழக்கதோஷத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவதுதான் கெடுதல். மேசைமேல் ஏறுவதற்குச் சற்று முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். மல்லாந்து படுத்ததும் கேமரா முதுகுப்பக்கம் வரும், ஏனென்றால் சிறுநீரகங்கள் முதுகுக்கு அருகில் இருக்கின்றன. மருந்து ஊசி வழியே ஒரே வீச்சில் செலுத்தப்பட்ட அதே நொடியில் பதிவு தொடங்கும். முதல் 1 நிமிடம் நொடிக்கு நொடி படங்கள்: ரத்தம் வந்து சேர்வதைப் பார்க்க. அதன்பின் 20 நிமிடம் வரை 10 முதல் 20 நொடிக்கு ஒரு படம்.

கணினி ஒவ்வொரு சிறுநீரகத்தின்மீதும் எல்லை வரைந்து, அதற்குள்ளிருந்து வரும் கதிர்களின் எண்ணிக்கையை நேரத்துக்கு எதிராக வரைபடமாக்கும். ஆரோக்கியமான சிறுநீரகத்தில் கோடு விறுவிறுவென ஏறி, 3 முதல் 5 நிமிடத்துக்குள் உச்சியைத் தொட்டு, பிறகு சரியும். மருந்து வெளியேறத் தொடங்குவதற்கு முன், அதாவது 1 முதல் 2 நிமிடம் வரையான பகுதியில், இரண்டு சிறுநீரகங்களும் எவ்வளவு உள்வாங்கின என்று ஒப்பிட்டு வேலைப் பங்கு கணக்கிடப்படும். 45-க்கு 55 வரை இயல்பு.

அந்தச் சதவீதத்தைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அது பங்கு மட்டுமே, மொத்த அளவு அல்ல. இரண்டு சிறுநீரகங்களும் ஒரே அளவில் கெட்டுப்போயிருந்தாலும் 50-50 என்றுதான் வரும். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடையும் முன் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். மொத்த வடிகட்டும் வேகத்தையும் டிடிபிஏ படத்திலிருந்து கணக்கிடலாம். அதற்கு ஊசி போடும் முன்னும் பின்னும் சிரிஞ்சைக் கேமராவின் முன் வைத்து எண்ணியிருக்க வேண்டும், உயரமும் எடையும் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அந்த உயரம், எடையிலிருந்துதான் சூத்திரம் ஊகிக்கிறது. பருமனான உடலில் அந்த ஊகம் எளிதில் பிசகும்.

அடைப்பா, வெறும் தேக்கமா

ரெனோகிராமின் உண்மையான பயன் இங்கேதான். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் பை விரிந்திருந்தால், அடைப்பே இல்லாவிட்டாலும் மருந்து கலந்த சிறுநீர் அதில் குளம்போலத் தேங்கும். கோடு ஏறிக்கொண்டே போகும். பார்ப்பதற்கு அடைப்பு போலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய, சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசமைடு மருந்து ஊசியாகப் போடப்படுகிறது. பெரியவருக்கு வழக்கமாக 40 மில்லிகிராம். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், மேல்வரம்புடன். வெறும் தேக்கமாக இருந்தால் புது வெள்ளம் வந்து குளத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அடைப்பு இருந்தால் கோடு இறங்காது.

இறங்கும் வேகத்தை, பாதி அளவாகக் குறைய எடுக்கும் நேரத்தைக் கொண்டு சொல்வார்கள். 10 நிமிடத்துக்குள் பாதியானால் அடைப்பு இல்லை. 20 நிமிடத்தைத் தாண்டினால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் இருப்பதைத் தீர்மானிக்க முடியாத பகுதி என்றே எழுத வேண்டும். அதை வலிந்து ஒரு பக்கம் தள்ளுவது நேர்மையான அறிக்கை ஆகாது. ஃபியூரோசமைடைச் சில மையங்கள் 20-ஆவது நிமிடத்தில் போடும், சில ஸ்கேன் மருந்தோடு சேர்த்து, சில 15 நிமிடம் முன்னதாகவே. எப்போது போட்டார்கள் என்று தெரியாமல் இரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளை ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். எனவே பழைய அறிக்கையை மட்டும் கொண்டுபோகாமல், வரைபடங்களையும் கொண்டுபோவது நல்லது.

அடைப்பு இல்லாமலேயே அடைப்பு போலக் காட்டும் நிலைகள் பல. உடலில் நீர் வற்றியிருந்தால் ஃபியூரோசமைடு போட்டும் வெள்ளம் வராது. சிறுநீரகமே நலிந்திருந்தால் மருந்துக்கு அது ஈடுகொடுக்காது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் மேலிருந்து இறங்க இடமில்லை, குறிப்பாகச் சிறுநீர் மேலேறும் கோளாறு உள்ள குழந்தைகளிடம். மிகப் பெரிதாக விரிந்த பை மெதுவாகத்தான் காலியாகும். இதற்காகத்தான் 20 நிமிடப் பதிவு முடிந்ததும் நோயாளியை எழுந்து நிற்க வைத்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, இன்னொரு படம் எடுக்கிறார்கள். படுத்த நிலையில் அசையாமல் நின்ற சிறுநீர், எழுந்து நடந்ததும் சரசரவென்று இறங்கிவிடுவது உண்டு. இந்தக் கடைசிப் படம் இல்லாத ரெனோகிராமில் ‘அடைப்பு’ என்று எழுதியிருந்தால், அது ஏன் எடுக்கப்படவில்லை என்று கேட்பது நியாயமான கேள்வி.

இன்னொரு கோளாறு ஊசி நரம்புக்கு வெளியே கசிவது. மருந்து திசுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். இரண்டு கோடுகளும் சோம்பலாக ஏறும். நல்ல சிறுநீரகமும் நலிந்ததுபோலத் தோன்றும். சந்தேகம் வந்தால் ஊசி போட்ட கையையும் ஒரு படம் எடுத்தால் போதும், தெரிந்துவிடும். சிறுநீரகம் பிறவியிலேயே இடுப்புக்குழியில் இருப்பவர்களுக்கு முதுகுப்பக்கப் படம் மட்டும் எடுத்தால் எலும்பு கதிரை மறைத்து, பங்கைக் குறைத்துக் காட்டும். அவர்களுக்கு முன்னும் பின்னும் எண்ணி இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

தழும்பைத் தேடும் டிஎம்எஸ்ஏ

குழந்தைக்குக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க டிஎம்எஸ்ஏ கேட்கப்படும். ஊசி போட்டு 2 முதல் 4 மணி நேரம் கழித்துப் படம். இடைப்பட்ட நேரத்தில் குழந்தை சாப்பிடலாம், விளையாடலாம். படம் எடுக்கும்போதுதான் அசையக் கூடாது. தூக்கம் வரும் நேரத்தை ஒட்டிப் பால் கொடுத்துத் தூங்க வைத்து எடுத்தால் பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது.

தழும்பு உள்ள இடத்தில் மருந்து ஒட்டாது. ஓரத்தில் கடித்தெடுத்தது போலத் தெரியும். சிக்கல் என்னவென்றால், தொற்று சூடாக இருக்கும்போதும் அதே இடம் அப்படித்தான் தெரியும். தழும்பு நிரந்தரம், வீக்கம் ஆறக்கூடியது. இரண்டையும் ஒரே படத்தில் பிரிக்க முடியாது. நிரந்தரத் தழும்புதான் கேள்வி என்றால் தொற்று அடங்கி 4 முதல் 6 மாதம் கழித்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த படம் பெற்றோரைத் தேவையில்லாமல் நடுங்க வைக்கும்.

இந்த மருந்து காற்றுப் பட்டால் கெடும். கலக்கும்போது குப்பிக்குள் காற்று புகுந்தாலோ, கலந்து நெடுநேரம் வைத்திருந்தாலோ கல்லீரலும் பின்புலமும் ஒளிர்ந்து படம் கலங்கிவிடும். அப்படி வந்தால் குற்றம் சிறுநீரகத்தில் இருக்க வேண்டியதில்லை.

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலேறுகிறதா என்று பார்க்கத் தனிச் சோதனை உண்டு. மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பையை டெக்னீசியம் கலந்த உப்புநீரால் நிரப்பி, நிரம்பும்போதும் கழிக்கும்போதும் தொடர்ந்து பதிவு செய்வார்கள். எவ்வளவு நிரப்புவது? குழந்தையின் வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் மில்லிக் கணக்கு கிடைக்கும். 4 வயதுக்கு 180 மில்லி. விட்டுவிட்டு மேலேறுவதைப் பிடிக்க இது நல்ல வழி, எக்ஸ்ரே முறையைவிடக் கதிர் குறைவு. ஆனால் சிறுநீர் வெளியேறும் பாதையின் அமைப்பை இது காட்டாது. ஆண் குழந்தைக்கு முதல் சோதனையாக எக்ஸ்ரே முறையையே பலரும் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

பித்தம் போகும் வழி

கல்லீரலையும் பித்தப்பையையும் பார்க்கும் ஹைடா ஸ்கேனில் கொடுக்கும் மருந்து, பித்தத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பிலிரூபின் போகும் வழியிலேயே போகிறது: ரத்தத்திலிருந்து கல்லீரல் செல்லுக்கு, அங்கிருந்து பித்தக் குழாய்க்கு, ஒரு பகுதி பித்தப்பைக்கு, மீதி சிறுகுடலுக்கு. 1 மணி நேரத்துக்குள் பித்தப்பையும் குடலும் தெரிந்தால் பாதை திறந்திருக்கிறது. கல்லீரலும் குடலும் நன்றாகத் தெரிந்து பித்தப்பை மட்டும் தெரியவே இல்லையென்றால், அதன் வாய் அடைபட்டிருக்கிறது. திடீர் பித்தப்பை அழற்சியின் அடையாளம் அது.

இங்கே வயிறு வெறுமையாக இருக்க வேண்டும், ஆனால் மிதமிஞ்சி அல்ல. சாப்பிட்டு 4 மணி நேரம் ஆகாவிட்டால் பித்தப்பை சுருங்கிக்கொண்டிருக்கும், உள்ளே எதையும் வாங்காது. 24 மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடந்தால் கெட்டியான பித்தத்தால் நிறைந்து வழிந்துகொண்டிருக்கும், அப்போதும் வாங்காது. நேரெதிரான இரண்டு நிலைகள், ஒரே தவறான முடிவு. வயிற்றுவலியோடு பல நாள் எதுவும் சாப்பிடாமல் படுத்திருப்பவருக்குச் சோதனைக்கு முன்பே சின்கலைடு என்ற மருந்தைக் கொடுத்துப் பித்தப்பையைக் காலி செய்துகொள்வது இதற்காக.

வலிக்குப் போட்ட மார்ஃபின் போன்ற ஊசிகளும் படத்தை மாற்றும். பித்தக் குழாய் குடலில் திறக்கும் வாயை அவை இறுக்கிவிடுவதால் குழாயே அடைபட்டது போலத் தோன்றும். அதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. 1 மணி நேரமாகியும் பித்தப்பை தெரியாதபோது, குடலில் மருந்து வந்துவிட்டது உறுதியானால், கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் மார்ஃபின் கொடுத்து வாயை இறுக்கினால் பித்தம் பித்தப்பை பக்கம் தள்ளப்படும். 4 மணி நேரம் காத்திருப்பதற்குப் பதில் அரை மணியில் விடை கிடைத்துவிடும்.

மஞ்சள்காமாலை விடாத பச்சிளம் குழந்தைக்கு, பித்தக் குழாய் உருவாகாமல் போயிருக்கிறதா என்று பார்க்கவும் இதே ஸ்கேன். முன்னதாக 5 நாள் ஃபீனோபார்பிட்டோன் என்ற மருந்தைக் கொடுத்துக் கல்லீரலைத் தூண்டுவார்கள். குடலில் மருந்து தெரிந்துவிட்டால் அந்த நோய் இல்லை, அது உறுதி. 24 மணி நேரம் கழித்தும் தெரியாவிட்டால் நோய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கல்லீரல் கடுமையாகத் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான் வரும். ‘இல்லை’ என்று சொல்வதில்தான் இந்தச் சோதனைக்கு வலிமை.

மறைந்திருக்கும் ரத்தக்கசிவு, மெதுவான இரைப்பை

நோயாளியின் சொந்தச் சிவப்பணுக்களில் டெக்னீசியத்தை ஏற்றித் திரும்பச் செலுத்தினால், குடலில் ரத்தம் கசியும் இடம் ஒளிரும். நிமிடத்துக்கு 0.1 மில்லி அளவுக் கசிவைக்கூடப் பிடிக்கலாம். கசிவு என்று சொல்ல மூன்று அடையாளங்கள் வேண்டும்: புதிதாகத் தோன்ற வேண்டும், பிரகாசம் கூட வேண்டும், குடல் வழியே நகர வேண்டும். சில மணி நேரம் கழித்து எடுத்த ஒற்றைப் படத்தை நம்பக் கூடாது. பெருங்குடலில் தெரியும் ரத்தம் எங்கோ மேலே கசிந்து வழிந்து வந்ததாக இருக்கலாம். அணுக்களில் ஏறாமல் தனித்து நின்ற டெக்னீசியம் இரைப்பையில் சுரந்து குடலுக்குள் இறங்கினாலும் கசிவுபோலத் தெரியும். ஒருவரின் ரத்தத்தை வெளியே எடுத்து மீண்டும் செலுத்தும் வேலை இது. பெயரை இரண்டு பேர் சரிபார்க்காமல் செலுத்தவே கூடாது.

அதே தனித்த டெக்னீசியம்தான் மெக்கல் பைக்கான சோதனையில் உதவுகிறது. சுமார் 2 சதவீதம் பேருக்குச் சிறுகுடலில் பிறவியிலேயே ஒரு சிறு பை இருக்கும். சிலருக்கு அதனுள் இரைப்பைச் சவ்வு வளர்ந்து, அமிலம் சுரந்து, புண்ணாகி ரத்தம் வரும். இரைப்பை ஒளிரும் அதே நேரத்தில் அந்தப் பையும் ஒளிரும். இரைப்பைச் சவ்வு இல்லாத பை தெரியாது என்பதால், படம் இயல்பாக வந்தாலும் பை இல்லை என்று பொருளில்லை.

இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று அளக்க 2008-இல் வல்லுநர்கள் ஒரு பொது உணவை வகுத்தார்கள்: இரண்டு முட்டைக்கு ஈடான வெள்ளைக்கரு, இரண்டு ரொட்டித் துண்டு, ஜாம், 120 மில்லி தண்ணீர். 10 நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடித்து, உடனேயும் பிறகு 1, 2, 4 மணி நேரத்திலும் படம். 4 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் தாமதம். கதிரியக்கப் பொருளை முட்டையோடு கலந்து வேகவைக்க வேண்டும். வெந்த முட்டைமேல் ஊற்றினால் அது திரவத்தோடு பிரிந்து முந்தி ஓடிவிடும், மெதுவான இரைப்பையும் வேகமானதாகத் தோன்றும். சர்க்கரை நோயாளிக்கு அன்று காலை ரத்தச் சர்க்கரை அதிகமாக இருந்தால் அதுவே இரைப்பையை மந்தமாக்கும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

புற்றுநோயைத் தேடப் பெரிதும் பயன்படும் இன்னொரு நியூக்ளியர் ஸ்கேனான பெட் ஸ்கேன் தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும்: அதற்கு வழக்கமாகக் கொடுக்கும், சர்க்கரையை ஒத்த எஃப்டிஜி மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பை கண்ணைக் கூசவைத்து அருகிலுள்ளதை மறைக்கும், பல புரோஸ்டேட் புற்றுகள் அதை அதிகம் உறிஞ்சுவதும் இல்லை. புரோஸ்டேட் புற்றுக்குப் பிஎஸ்எம்ஏ என்ற வேறு மருந்து வந்தது இந்தக் குறையால்தான்.

கதிர்வீச்சு பற்றி

இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுக்குப் பெறும் கதிர்வீச்சு உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு). 100 மெகாபெக்கரல் (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேக்-3 கொண்டு எடுக்கும் ரெனோகிராம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஹைடா ஸ்கேன் ஏறக்குறைய அந்த ஓராண்டு அளவு. எத்தனை படம் எடுத்தாலும் கதிர் அளவு அதிகரிக்காது. அதைத் தீர்மானிப்பது ஊசியில் போன அளவு மட்டுமே. ‘இன்னொரு படம் எடுக்க வேண்டும்’ என்று மேசைக்குத் திரும்ப அழைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. சி.டி.யோடு இணைத்து எடுத்தால் மட்டும் அந்த எக்ஸ்ரே அளவு கூடும்.

கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர் டிடிபிஏ, மேக்-3, டிஎம்எஸ்ஏ ஆகியவற்றுக்குப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. சில மையங்கள் முன்னெச்சரிக்கையாக 4 மணி நேரம் விடச் சொல்லும். மெக்கல் சோதனையில் தரப்படும் தனித்த டெக்னீசியத்துக்கு இடைவெளி அதிகம், எவ்வளவு என்று அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பியதும் அன்று முழுக்க நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால், சிறுநீர்ப்பைச் சுவர் வாங்கும் கதிர் கணிசமாகக் குறையும். குழந்தையின் டயப்பரை மாற்றும்போது கையுறை போட்டுக்கொண்டு, பிறகு கைகழுவினால் போதும். ஓரிரு நாளில் விமானப் பயணம் இருந்தால் சோதனை விவரம் எழுதிய தாளைக் கையோடு வைத்திருங்கள். அங்குள்ள கதிர் உணரிகள் மிகச் சிறிய மிச்சத்தையும் கண்டுகொள்ளும்.